பாங்காக்கில் அந்த வண்டி என்ன விலை

பசுந்தாங், ரங்கூன்
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் விஜயாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அம்மன் புண்ணியத்தில் அப்பா, தம்பி, நான் மூன்று பேரும் சௌக்கியம், அங்கே உன் உடம்பும் மனசும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று தொடங்கிவிட்டேன், இனி உள்ளதை எழுதுகிறேன். இந்தக் காலத்தில் கையால் எழுதிய கடிதமா என்று சிரிப்பாய். என்ன செய்ய, போனில் பேசினால் அப்பா என் காதோடு காதாக வந்து உட்கார்ந்துகொள்கிறார், போனில் எழுதி அனுப்பலாம் என்றால் தெருவில் பட்டாளத்துக்காரர்கள் நிறுத்திப் போனை வாங்கித் தடவிப் பார்க்கிறார்கள். இது தமிழ், பிரித்துப் பார்க்கிறவன் ஏதோ சாமி மந்திரம் என்று விட்டுவிடுவான். நம் மஞ்சுளா அவள் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக அங்கே வருகிறாள், ஐம்பதைத் தாண்டியவளை யாரும் தடுக்க மாட்டார்கள், அவள் கையில் கொடுத்து விடுகிறேன். கோயில் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் உனக்கு முழுசாக மறந்திருக்காது, எழுத்துக் கூட்டியாவது கடைசி வரை படி. அந்த வண்டி விஷயமாகவும், அதற்காக அப்பா உன்னை வரச் சொல்வது விஷயமாகவும்தான் எழுதுகிறேன்.

முதலில் தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். உதயன் நன்றாகத்தான் இருக்கிறான், சாப்பிடுகிறான், தூங்குகிறான், ஆனால் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கத் தொடங்கியதிலிருந்து நாலாவது மாடியை விட்டு இறங்கவில்லை. நம் பால்கனியில் தொங்குகிற கயிறு உனக்கு நினைவிருக்கும், கீழ்நுனியில் கிளிப்பும் மேல்நுனியில் மணியும் கட்டி, பேப்பரும் காலைப் பலகாரத்துக்கு மொஹிங்கா பொட்டலமும் இழுத்து ஏற்றுவோமே, இப்போது அவன் பிழைப்பே அந்தக் கயிற்றில்தான். கீழே யாராவது மணி அடித்தால் கெட்டுப்போன போன் மேலே ஏறும், ரிப்பேர் ஆனதும் கீழே இறங்கும், காசும் அதிலேயே வரும். போனெல்லாம் ஏறி இறங்குகிறது, என் பிள்ளை மட்டும் இறங்க முடியவில்லை. படியில் பூட்ஸ் சத்தம் கேட்டால் ஸ்குரூ டிரைவர் பிடித்த கை அப்படியே நின்றுவிடுகிறது, நானும் அடுப்பைக் குறைத்துவிட்டு அந்தக் கால் எந்த மாடியில் நிற்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். வருஷா வருஷம் தீமிதிக்கிற பிள்ளை, இந்த வருஷம் அவன் மஞ்சள் வேட்டியை நான் மடித்துக் கோயிலுக்கு எடுத்துப்போய் அம்மன் காலடியில் வைத்துவிட்டு வந்தேன். பூசாரி ஒன்றும் கேட்கவில்லை, அங்கே அது மாதிரி நிறைய வேட்டி இருந்தது.

இனி உன் அப்பா புராணம். டாக்ஸி இஞ்சின் இன்னும் இருமிக்கொண்டிருக்கிறதா என்று நீ கேட்டதும் கேட்டாய், பாங்காக்கில் புது வண்டி என்ன விலை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னதும் சொன்னாய், மனிதருக்கு அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. இங்கே அதே வண்டி மூன்று மடங்கு விலையாம். அங்கே பாத்துக் காசில் இவ்வளவு, இங்கே லட்சத்தில் இவ்வளவு என்று சாப்பிடும்போதும் அதே பேச்சு, சாம்பார் ஊற்றட்டுமா என்றால் கதவு நாலா ஐந்தா என்கிறார். மிங்கலா தாங்ஞுன்ட் பக்கம் கார் விற்கிற கடைகளுக்குள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாங்குகிறவர் மாதிரி போய் விலை கேட்டு வருகிறார், சாயங்காலம் கரண்ட் வந்ததும் உன்னைக் கூப்பிட்டு அங்கே என்ன விலை என்கிறார். டீக்கடையில் எல்லாரும் பர்மாக்கார மரியாதையோடு, ஊ அப்பாசாமி, இன்னைக்கு பாங்காக் ரேட் என்ன என்றுதான் கேட்கிறார்களாம், அதற்கும் பெருமையாகப் பதில் சொல்லிவிட்டு வருகிறார்.

நானும் முதலில் திட்டினேன், டாக்ஸி ஓட்டுகிறவனுக்குப் புது வண்டி எதற்கு என்றேன். அப்புறம்தான் சொன்னார். பஸ்ஸில் போகிற பையனை இறக்குகிறார்கள், பழைய டாக்ஸியில் உட்கார்ந்திருக்கிறவனையும் இறக்குகிறார்கள், பளபளவென்று புது வண்டியில் முன்னால் பிள்ளையும் பின்னால் அம்மாவும் பூக்கூடையுமாகப் போனால் பெரிய இடம் என்று கையைக் காட்டி விட்டுவிடுவார்கள், ஒரு தடவையாவது அவனைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்விட்டு வரலாம் கனகு என்றார். தம்பியும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். நீ அனுப்பிய படங்களை வாங்கிப் பார்த்தான், வெள்ளை வேண்டாம் சாம்பல் நிறம் எடுங்கள், தூசு தெரியாது என்றான், சிரித்தான் விஜயா. அவன் பல் தெரியச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று. அன்றைக்கு நானும் சேர்ந்து அந்த வண்டியை வாங்கிவிட்டேன் என்று வைத்துக்கொள்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தை அப்பா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார், வெட்கம். நீ வண்டியின் உள்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினாயே, ஸ்டியரிங் வலது பக்கம் இருந்தது, பார் பார், என் வண்டி மாதிரியே இருக்கு, கை பழகினதுதான் என்று ஒரே குஷி. எல்லையில் மியாவடி வழியாகக் கொண்டுவர என்ன செலவு என்றுகூட விசாரித்துவிட்டார். அந்தப் படத்தை ஸ்பேர் பார்ட்ஸ் கடை முத்து முகம்மது பாயிடம் காட்டியிருக்கிறார். பாய் பார்த்துவிட்டு, இந்த ஊரில் வண்டி ஓடுவது ரோட்டுக்கு வலது பக்கம், ஜப்பானிலிருந்து வந்த பழசுகளை விட்டுவிட்டார்கள், புதுசாகப் பதிய வேண்டுமென்றால் ஸ்டியரிங் இடது பக்கம்தான் இருக்க வேண்டும், தாய்லாந்து ரோட்டில் ஓடுகிற வண்டி இங்கே ஆகாது, ஆயுசு முழுக்க ஓட்டிய உமக்கா இது தெரியாது என்று கேட்டாராம். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன். வாழ்நாளெல்லாம் வலது பக்கம் உட்கார்ந்தே ஓட்டியவருக்கு இடது பக்கம் ஒன்று இருப்பதே தோன்றவில்லை. பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. புரோக்கர் பாலசந்தர் வீட்டுக்கு வந்தான். அங்கே இடது பக்கத்து ஸ்டியரிங் வண்டியும் செய்கிறார்கள் மாமா, வெளியூருக்கு அனுப்புவதற்கென்று, உங்கள் மகள் அங்கே வேலை செய்கிறது அல்லவா, அது பேரில் பர்மிட் எடுக்கலாம், பாஸ்போர்ட்டோடு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், ஒரு வாரத்து வேலை என்றான். அப்பா முகத்தில் விளக்குப் போட்டது மாதிரி ஆயிற்று. உன்னை லீவு போட்டு வரச் சொன்னாரே, அது இதனால்தான். நான் பாலசந்தருக்கு டீ கொடுத்துவிட்டு, வந்த பிள்ளையைத் திரும்பப் போக விடுவார்களா என்று கேட்டேன். அவன் டீயைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், அதெல்லாம் பார்த்துக்கலாம் அத்தை என்றான். யார் பார்த்துக்கொள்வது? கீழ் வீட்டு சஜிதாவை உனக்குத் தெரியும், மலேசியாவிலிருந்து தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தாள், திரும்பிப் போகும்போது ஏர்போர்ட்டில் ஏதோ ஒரு காகிதம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் காகிதத்துக்காக அலைந்து அலைந்து, அங்கே இருந்த வேலையும் போய், இப்போது அவள் அம்மாவோடு உட்கார்ந்து பிளவுஸ் தைக்கிறாள். கல்யாணத்துக்கு வாங்கிய புதுச் செருப்பு வாசலிலேயே கிடக்கிறது, தாண்டித்தான் நான் படி ஏறுகிறேன். பெண்பிள்ளைகள் பேரும் பட்டாளப் பட்டியலில் இருக்கிறது என்கிறார்கள். உனக்கு இருபத்தாறுதான் ஆகிறது.

அங்கே இருக்கிற வண்டி இங்கே வராது, இங்கே இருக்கிற பிள்ளை வெளியே போக முடியாது. இதற்கு நடுவில் வெளியே நிற்கிற ஒரே பிள்ளையையும் உள்ளே இழுத்துப் போட எனக்கு மனசு வரவில்லை. உன் அப்பா கெட்டவர் இல்லை, அவருக்குத் தம்பி முகம் மட்டும்தான் கண்ணில் நிற்கிறது, மற்றது தெரியவில்லை. நேற்று அவர் இல்லாத நேரம் தம்பியிடம் சொன்னேன், அக்காவை வர வேண்டாம் என்று எழுதப்போகிறேன், உன் வண்டி போய்விடும் ராசா என்றேன். கையில் இருந்த போனைக் கீழே வைக்காமலே, அக்கா வந்தா இந்தக் கயிறு பக்கத்துல ரெண்டு பேரு உட்காரணும்மா, வேணாம்னு எழுது என்றான். பிறகு தன் போனில் வைத்திருந்த அந்தச் சாம்பல் நிற வண்டிப் படத்தை அழித்தான், பார்க்காத மாதிரி நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அடுக்களைக்குள் போய் அழுதேன், உன்னிடம் மறைப்பானேன்.

ஆகையால் நான் சொல்கிறபடி செய். லீவு கிடைக்கவில்லை, கேட்டால் வேலையே போய்விடும் என்று நீ வேலை செய்கிற கிளினிக்கில் சொல்வதாக அப்பாவிடம் சொல், பொய்ப் பாவம் என் தலையில் போகட்டும். ஆனால் அவர் விலை கேட்டால் மட்டும் தினமும் சொல்லு கண்ணு, ஏறிவிட்டது என்றோ இறங்கிவிட்டது என்றோ எதையாவது சொல்லு, நாளில் அந்த ஒரு நேரம்தான் அவர் பழைய மாதிரி இருக்கிறார். எண்ணெய் தேய்த்துக் குளி, ராத்திரி நூடுல்ஸ் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. உன்னை வரவைக்க வேறு வழி இல்லாவிட்டால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அப்பா சொன்னாலும் சொல்வார், நம்பாதே. உண்மையாகவே எனக்கு முடியாமல் போனாலும் வராதே. அன்றைக்கு ஏர்போர்ட்டில் போயிட்டு வா என்று சொல்லித்தானே அனுப்பினேன், அந்த வா என்றதை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். உன்னைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது விஜயா, தினமும் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

அம்மன் உன்னை அங்கேயே வைத்துக் காப்பாற்றட்டும், உனக்கு நல்ல இடம் அமைந்து அங்கேயே நாலு பேர் நடுவில் நன்றாக இருக்க வேண்டும். குங்குமம் மடித்து உள்ளே வைத்திருக்கிறேன், இட்டுக்கொள். இதற்குப் பதில் எழுதாதே, மஞ்சுளாவிடமும் ஒன்றும் சொல்லி அனுப்பாதே. கடிதம் கிடைத்ததும் தம்பி போனுக்கு ஒரு வண்டிப் படம் அனுப்பு, சாம்பல் நிறமாகப் பார்த்து அனுப்பு, நான் தெரிந்துகொள்கிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
அ. கனகாம்பாள்