பொங்கலன்று வந்த பத்தொன்பது பேர்

காலையில் மேசையைத் துடைக்கும்போது அந்தப் பழைய ஹெட்போன் கையில் கிடைத்தது. காதுப் பஞ்சு கறுப்புத் துகளாக உதிர்ந்துகொண்டிருந்தது. தூக்கிப் போடலாம் என்று எடுத்தவள் ஏனோ முகர்ந்து பார்த்தேன். நீலகிரித் தைல வாசம் இன்னும் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில், முதல் பூசைக்குப் போகும் வழியில், ஜலதோஷத்தோடு என் வீட்டுக்கு வந்தாயே, அன்று நீ பூசியிருந்த தைலம். "குடு, உன் காலேஜ் எப்படி இருக்குன்னு பாக்கறேன்" என்று என் தலையிலிருந்து அதைப் பிடுங்கி மாட்டிக்கொண்டாய். பத்து நிமிடம் கேட்டுவிட்டு, ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் குறுக்கே பேசவே இல்லையே, இதெல்லாம் ஒரு கமிட்டி மீட்டிங்கா என்று கேட்டாய். அது வகுப்பு என்று எவ்வளவு சொல்லியும் நீ நம்பவில்லை.

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. உனக்குச் சொல்லவேண்டிய செய்தி ஒன்றும், கேட்கவேண்டிய மன்னிப்பு ஒன்றும் என்னிடம் இருக்கின்றன. இரண்டும் ஒரே விஷயத்தைப் பற்றியவை என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

கலை நிர்வாகத்தில் டாக்டர் பட்டம் படிக்கப்போகிறேன், வீட்டிலிருந்தபடியே, கம்ப்யூட்டர் வழியாக, கடல் தாண்டியிருக்கிற ஒரு பல்கலைக்கழகத்தில், என்று நான் முதலில் சொன்னது உன்னிடம்தான். பேகம்பேட் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை அமீர்பேட் கோச்சிங் வகுப்புகளில் சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது. நாற்பத்து மூன்று வயதில் நானே படிக்கப்போவதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று பயந்தேன். நீயும் சிரித்தாய். ஆனால் உன் சிரிப்புக்குக் காரணம் வேறு. கலை நிர்வாகம் என்றால் என்ன என்று கேட்டாய். அரங்கம் பிடிப்பது, ஆள் சேர்ப்பது, நிகழ்ச்சி நடத்துவது, இதையெல்லாம் முறையாக ஆராய்வது என்றேன். "ஹவ், அப்படியா? நாம இருபது வருசமா பண்றதுக்குப் பேரு இருக்குதா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாய். அன்றிலிருந்து எனக்கு டாக்டரம்மா என்று பெயர். வாரம் ஒரு முறை முட்டி வலிக்கு என்னிடம் மருந்து கேட்பாய்.

நம் செகந்திராபாத் தமிழ்ச் சங்கத்துக்கு அலுவலகம் கிடையாது. லாலாகுடா ரயில்வே குடியிருப்பில் உன் வீட்டுப் பீரோவின் கீழ்த்தட்டுதான் சங்கம். என் வகுப்பில் ஒருவர் அருங்காட்சியகம் நடத்தினார், இன்னொரு பெண்மணி முப்பது பேர் சம்பளம் வாங்கும் நாடகக் குழு நடத்தினார். முதல் மாதமே அவரவர் அமைப்பின் படத்தைக் கட்டம் கட்டமாக வரைந்து அனுப்பச் சொன்னார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாருக்கும் கட்டம் போட்டேன். நீ எந்தப் பதவியிலும் இல்லை. ஆனால் நீ இல்லாமல் நாற்காலி ஒன்றுகூட விரியாது. கடைசியில் உன்னை ஓரமாகப் போட்டுப் புள்ளிக்கோட்டால் இணைத்தேன். அதைப் பார்த்துவிட்டு, "எனக்கு எப்பவும் வெளிய நிக்கத்தான் இடம்" என்று கேலி செய்தாய்.

இரண்டாம் வருடம் ஆய்வுக்காக ஒரு நிகழ்ச்சியை நானே திட்டமிட்டு நடத்த வேண்டும். அதைப் பற்றித்தான் பட்டத்துக்கான ஆய்வேடு. அது தவறினால் இரண்டு வருடப் படிப்பும் தவறியதுதான். புதிய பார்வையாளர்களைக் கொண்டுவருகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். ஐ.டி. கம்பெனிகளில் அப்போது எவ்வளவு தமிழ்ப் பிள்ளைகள் வந்து குவிந்திருந்தார்கள்! நம் விழாக்களில் அவர்கள் முகம் தெரிந்ததே இல்லை. அதனால் பொங்கல் விழாவை ஹைடெக் சிட்டிப் பக்கம் ஒரு அரங்கில், பொங்கலன்றே, நகைச்சுவை நாடகத்தோடு நடத்த முடிவு செய்தேன்.

நம் சங்கம் எப்போதும் பொங்கல் விழாவைத் தை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைதான் நடத்தும். எல்லாரும் ஆறிப்போன பொங்கல் என்று கிண்டல் செய்வார்கள். கமிட்டிக் கிழவர்களின் சோம்பேறித்தனம் என்று நானும் நினைத்தேன், ஆய்வுத் திட்டத்தில் அப்படியே எழுதவும் செய்தேன், கொஞ்சம் நாகரிகமான வார்த்தைகளில். மின்னஞ்சல் குழுக்களில் அழைப்பு அனுப்பினேன். முன்னூறு பேர் வருவதாகப் பதில் போட்டார்கள். அந்தப் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு ஓடிவந்தேன்.

நீ அன்று ஒர்க்‌ஷாப் ஆபீசிலிருந்து அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாய். பட்டியலைப் பார்க்கக்கூட இல்லை. "நக்கோ டீ, வேணாம். அன்னைக்குச் சென்னை வண்டில நிக்க இடமிருக்காது. ஊருல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. கைக்கு டீ, எதுக்கு இந்த வேலை?" என்றாய். முன்னூறு பேர் எழுதியே கொடுத்திருக்கிறார்கள் என்றேன். "வரேன்னு சொல்றது ஒரு மரியாதை. டிக்கெட் எடுத்துட்டானான்னு கேட்டியா?" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. புள்ளிவிவரம் பேசும்போது ரயில் பேசாதே என்று சொல்லிவிட்டேன். இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பொங்கலன்று சாயங்காலம் முன்னூறு நாற்காலிக்குப் பத்தொன்பது பேர் வந்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. நாடகத்தில் மாமனார் வேடம் போட வேண்டியவருக்கே கடைசி நிமிடத்தில் தட்கால் டிக்கெட் கிடைத்து, அவரும் ஈரோட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார். நான் மேடைக்குப் பின்னால் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து அழுதேன். அவ்வளவுதான், முடிந்தது, பல்கலைக்கழகத்துக்கு என்ன எழுதுவேன் என்று உன்னிடம் கேட்டேன். நீ யாரிடமோ ஒரு துண்டை வாங்கிப் புடவைமேல் போட்டுக்கொண்டு, வசனத் தாளைக் கையில் பிடித்தபடி மேடையேறிவிட்டாய். ஒரு மாமனார் தாளைப் பார்த்துப் படித்துக்கொண்டே மருமகனைத் திட்டியது நம் சங்க வரலாற்றில் அதுதான் முதல் தடவை. அந்தப் பத்தொன்பது பேரும் சிரித்த சிரிப்பு மேடைக்குப் பின்னால் எனக்குக் கேட்டது.

நாடகம் முடிந்ததும் யாரும் கிளம்பவில்லை. நீ கிளம்ப விடவில்லை. நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னாய், முன்னூறு பேருக்குச் செய்த பொங்கலை அவர்களுக்கு அள்ளி அள்ளி வைத்தாய். பிறகு ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாய். "நீ ஏன்ப்பா ஊருக்குப் போகல?"

ஒருவனுக்கு லீவு கிடைக்கவில்லை. இரண்டு பேருக்கு டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டிலேயே நின்றுவிட்டது. ஒரு பெண் தெலுங்குப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டவள், வீட்டில் வராதே என்றிருந்தார்கள். ஒருவன் மட்டும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குப் போறதுக்கு அங்க யாரும் இல்ல ஆன்ட்டி" என்றான். நீ அவன் தலையில் கை வைத்தாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? பழக்க தோஷத்தில் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னாய். "காலி நாற்காலிய எண்ணாத. வந்தவங்க யாருன்னு எழுது. அதான் டீ உன் புது ஆளுங்க."

அப்படியே எழுதினேன். எல்லாரும் ஊருக்குப் போகும் நாளில் நகரத்தில் தங்கிப்போகிறவர்கள் யார், ஒரு சிறிய சங்கம் அவர்களுக்கு என்னவாக இருக்க முடியும் என்று ஒரு முழு அத்தியாயம். வழிகாட்டிப் பேராசிரியர் இரண்டு வருடத்தில் முதல் முறையாக மிக நன்று என்று எழுதி அனுப்பினார். தோற்றுப்போன நிகழ்ச்சி என் ஆய்வின் மையமாகிவிட்டது. ஆனால் அந்த அத்தியாயத்தில், ஆய்வாளர் கவனித்தார், ஆய்வாளர் வினவினார் என்றுதான் இருந்தது. உன் பெயர் எங்கும் இல்லை.

நீ அதை விரல் வைத்து வரி வரியாகப் படித்தாய். ஆங்கிலம் உனக்கு ஆபீஸ் கடுதாசி அளவுக்குத்தான், ஆனாலும் புரிந்திருக்கும். முடித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "ஆய்வாளர் நல்லாத்தான் கவனிச்சிருக்கா" என்றாய். கிண்டலா, வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை. சிரித்து மழுப்பிவிட்டேன். இறுதிப் பிரதியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உனக்கும் எனக்கும் நடுவில் இதெல்லாம் ஒரு கணக்கா என்றும் நினைத்தேன். அந்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நான்கே நாள். ஐந்தாம் நாள் உன் தேவாலயத்தில் நான் கடைசி பெஞ்சருகே நின்றுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் ஆய்வேட்டைத் தொடவில்லை. தொட்டபோதும், வெட்கத்தால், அந்த அத்தியாயத்தை மட்டும் திறக்காமலே அனுப்பிவிட்டேன். வாய்மொழித் தேர்வு போன மாதம் நடந்தது. திரையில் மூன்று தேர்வாளர்கள். தெருவில் கரண்ட் போய், என் பழைய யு.பி.எஸ். கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. காலி நாற்காலிகளை விட்டுவிட்டு வந்தவர்களைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கு எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டார். பாராட்டாகத்தான் கேட்டார். ஒரு நல்ல பதிலும் தயாராக என்னிடம் இருந்தது.

"அந்த எண்ணம் எனக்கு வரவில்லை" என்றேன். உன்னைப் பற்றிச் சொன்னேன். ரயிலைப் பற்றி, துண்டைப் பற்றி, வட்டமாகப் போட்ட நாற்காலிகளைப் பற்றி, ஆய்வாளர் வினவினார் என்று நான் எழுதிய பொய்யைப் பற்றி. பட்டம் போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன். சொல்லி முடித்தபோது மனசு லேசாக இருந்தது. என்னைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அவர்கள் தனியாகப் பேசினார்கள். திரும்பி வந்து, திருத்தத்துடன் தேர்ச்சி என்றார்கள். ஒரே திருத்தம்தான். அந்த அத்தியாயத்தை நடந்தது நடந்தபடி மறுபடி எழுத வேண்டும், உன் பெயரைப் போடக் குடும்பத்தாரின் எழுத்துச் சம்மதம் வேண்டும்.

உன் மகளைப் பார்க்கப் போனேன். அதே ஹைடெக் சிட்டியில்தான் வேலை செய்கிறாள். நான் தமிழில் கேட்பதற்கெல்லாம் பாதி தெலுங்கிலும் பாதி ஆங்கிலத்திலும் பதில் சொன்னாள். புது அத்தியாயத்தைப் படித்தவள் நடுவில் நிறுத்தி நிமிர்ந்து, தமிழுக்கு மாறினாள். "ஆன்ட்டி, அம்மா இவ்ளோ பெரிய இங்லீஷ் எப்போ பேசினாங்க? அவங்க சொன்னத அப்படியே தமிழ்ல போடுங்க, கீழ மீனிங் எழுதுங்க" என்றாள். கையெழுத்துப் போட்டுவிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

இப்போது அந்த ஆய்வேட்டில் நீ தமிழில்தான் பேசுகிறாய், தமிழ் எழுத்தில். நக்கோ எந்த மொழி என்று பேராசிரியர் கேட்டிருந்தார். செகந்திராபாத் மொழி என்று எழுதி அனுப்பினேன்.

என்னோடு இருப்பது என்ன என்று கேட்டால், உன் கேள்விதான். விழாவைத் தைக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கே கொண்டுபோய்விட்டோம். ஆனால் பொங்கலன்றும் ஒரு சின்னக் கூடத்தில் வட்டமாக நாற்காலி போடுகிறோம். அதற்கு அழைப்பு அனுப்புவதில்லை. நானே உட்கார்ந்து ஒவ்வொருவராகப் போன் செய்கிறேன். ஊருக்குப் போகிறீர்களா என்று மட்டும் கேட்கிறேன். போகிறவர்களை நல்லபடியாகப் போய் வரச் சொல்கிறேன். நேற்று அமீர்பேட் ஹாஸ்டலிலிருந்து ஒரு பெண், இந்த வருடம் போக முடியவில்லை, வரட்டுமா என்று கேட்டாள். வா என்றேன். தனியாக வந்தால் பக்கத்தில் உட்கார யாராவது இருப்பார்களா என்றாள்.

"நான் இருக்கேன்மா, வா" என்றேன்.