உனக்கு மட்டும் தைத்த அங்கி

அண்ணே, உன் பெட்டியைக் காலி செய்தபோது அடியில் அந்தப் பழுப்பு அங்கி கிடைத்தது. அந்துருண்டை வாசம், பத்து வயதுப் பையன் அளவு. ஐம்பது வருஷத்துக்கு மேலாகப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாய். செத்தவன்மேல் பொறாமைப்படக் கூடாதுதான். ஆனாலும் எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

அப்பா இருக்கும்போதே நீ ஒரு இடத்தில் உட்கார்ந்ததில்லை. கையில் சிலேட்டு கொடுத்தால் சட்டம் தனியாக வந்துவிடும். அறுபதுகளின் கடைசியில் ஒரு மத்தியானம், நீயும் நானும் துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனோம். கேட்டருகே நின்ற நம் கண்ணெதிரே கிரேன் சங்கிலி அறுந்து, இரும்புக் கட்டு அப்பாமேல் விழுந்தது. அதற்குப் பிறகு ராயபுரம் யார்டில் ரயில் பெட்டிகள் மோதும் சத்தம் கேட்டால் போதும், வகுப்பிலிருந்து எழுந்து ஓடிவிடுவாய். வாத்தியார் அடிப்பார். நீ அவர் கையைக் கடிப்பாய்.

நான் ஓடவில்லை. மூலையில் உட்கார்ந்துவிட்டேன். சோறு இறங்காது, கூப்பிட்டால் காதில் விழாது. "எம்மாம் அடக்கமான பொண்ணு, ஒரு பேஜாரும் இல்ல" என்று தெருவே மெச்சியது.

அம்மா உனக்காக அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டாள். பதின்மூன்று செவ்வாய்க்கிழமை, அவரைப் போலவே பழுப்பு அங்கி, இடுப்பில் கயிறு, கோயில் வாசலில் ஏழைகளுக்கு ரொட்டி. வழிநெடுக உன் கையை விடமாட்டாள். நான் ரொட்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவேன். அந்தத் துணியைப் போட்டால் அம்மா கை எனக்குக் கிடைக்கும் என்று நம்பினேன்.

ஏழாவது செவ்வாய், உன்னை முந்திக்கொண்டு நானே அதை மாட்டி வாசலில் நின்றேன். அம்மா பளாரென்று அறைந்தாள். "நேத்திக்கடன் துணிடீ அது! அவனுக்குத்தான் சொகமில்ல. உனுக்கு இன்னாடி வந்துச்சு?"

நீ உள்ளேயிருந்து கத்தினாய்: "அப்பா மேல வுழுந்தப்ப அதுவுந்தாம்மா பாத்துகினு இருந்துச்சு!"

அம்மா என் பக்கம் திரும்பினாள். என் கன்னத்தருகே அவள் கை வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து யார்டில் பெட்டிகள் மோதின. நீ ஓடினாய். அம்மா உன் பின்னால் ஓடினாள். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த ஒரு நிமிஷத்தையும் நீயே எடுத்துக்கொண்டாய் என்று எத்தனையோ வருஷம் கறுவிக்கொண்டிருந்தேன். எனக்காகப் பேசிய ஒரே ஆள் நீ என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டேன்.

போன வாரம் உன் மருமகளோடு டாக்டரிடம் போனேன். உன் பேரன் முன்பே துறுதுறு. நீ அவன் எதிரில் சாய்ந்து விழுந்து உயிரை விட்ட நாளிலிருந்து அவனுக்குத் தூக்கமும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. "கவனம் நிக்காதது பொறந்ததுலேர்ந்தே இருக்கலாம். பயமும் துக்கமும் இப்ப அதோட பின்னிக்கிச்சு. சேட்டைன்னு நினைச்சு அடிச்சிடாதீங்க" என்றார் டாக்டர். அரை மணி நேரம் அவனிடமே பேசினார். அவன் அக்கா சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இவ தங்கம் டாக்டர், ஒரு தொந்தரவும் இல்ல" என்றாள் உன் மருமகள்.

"இவளும் பார்த்தா டாக்டர்" என்றேன்.

அவர் தன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டார். "நீ சொல்லும்மா" என்றார். அண்ணே, அந்தக் குழந்தைமேலும் எனக்குப் பொறாமைதான் வந்தது.