வற்றிய டாங்கி

உங்களுக்கு,

நான் ஓட்டித்தான் வண்டி கெட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் போனீர்கள். டாங்கிக்குள் இருக்கும் பெட்ரோல் பம்பு போய்விட்டது, அதைக் கம்பெனியே இப்போது செய்வதில்லை, வண்டியைப் பழைய இரும்புக்குப் போடு என்றீர்கள்.

மெக்கானிக் பாண்டீஸ்வரன் நேற்று டாங்கியைக் கழற்றினார். “பெட்ரோலுக்குள்ள முங்கி இருந்தாத்தான் பம்பு சூடாகாதுக்கா. அண்ணன் வத்த வத்த ஓட்டியிருக்காக, கருகிப்போச்சு” என்றார். வேறு வண்டியின் பம்பை அளவு பார்த்து மாட்டினார். ஓடுகிறது.

வாராவாரம் பெட்ரோல் போட்டவள் நான். உங்கள் கடையோ அடுத்த தெரு. டாங்கி எப்படி வற்றியது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

இப்போது நீங்கள் அவளோடு குடியிருக்கும் கானாடுகாத்தான் வீட்டுக்கு இங்கிருந்து போய்வர முப்பது கிலோமீட்டராம்.

வண்டியை எடுக்க வராதீர்கள். அந்த வீட்டு வாசலுக்குப் பஸ் போகிறது.

இப்படிக்கு,
வண்டியைக் கெடுத்தவள்