மாமாவின் பேஸுக்கு மெல்லிசுக் கம்பி

அன்புள்ள மாமா,

நேரில் சொன்னால் குரல் உடைந்துவிடும். அதனால்தான் எழுதித் தலையணைக்கடியில் வைக்கிறேன்.

உன் பழைய பேஸ் கித்தாரைத் தண்டையார்பேட்டை ஜுபைர் பாயிடம் கொண்டுபோய், கம்பியும் பிக்கப்பும் மாற்றச் சொன்னேன்.

"தாமு எப்பவும் கெட்டிக் கம்பிதானே கேப்பாரு? நீ இன்னா தங்கச்சி, மெல்லிசு கேக்குற?" என்றார்.

"அவருதான் சொன்னாரு பாய்" என்று பொய் சொன்னேன்.

அவர் கம்பிப் பெட்டியைத் திறந்தார். லேசாக அழுத்தினாலே படியும் வழவழப்பான கம்பியாகப் பார்த்துப் போட்டார். மெதுவாகத் தொட்டாலும் சத்தத்தை வாங்கிக்கொள்ளும் பிக்கப் ஒன்றை மாட்டினார். பழைய பிக்கப்பைக் கழற்றி என்னிடம் தந்து, "பத்திரமா வெச்சிக்கோ. கை சரியானதும் இத்தயே மாட்டிக்கலாம்" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. முந்தானையில் சுற்றி எடுத்துவந்தேன்.

நாளைக்குக் கட்டுப் பிரிக்கிறார்கள். துறைமுகத்தில் கன்டெய்னர் கதவில் நசுங்கிய இடது கை விரல்களில் உணர்ச்சி இருக்குமா என்று டாக்டரிடம் நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். என்னைக் கூப்பிடாதே. ஒரு கம்பியை அழுத்தி மீட்டிப் பார். உள்ளே கூடாக இருக்கிற பேஸ் அது, ஒலி பெருக்கும் ஆம்ப் இல்லாமலே எனக்குக் கேட்கும்.

கேட்காவிட்டாலும் வருவேன் மாமா. கொஞ்ச நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

உன் வீட்டுக்காரி