பச்சை அட்டை நோட்டு

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். உடம்புக்கு என்று தனியாக எழுதியிருக்கிறாரே என்று உடனே போனைத் தூக்காதே, கடைசி வரை படித்துவிட்டுத் தூக்கு. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், படியைக் கட்டியது நான் இல்லை என்றாலும். போன வியாழக்கிழமை உன்னைக் கூப்பிட்டு பேங்க், மெயில் எல்லாவற்றுக்கும் பாஸ்வேர்டை இப்போதே மாற்று என்றேன். ரிட்டயர் ஆகப்போற நேரத்துல வீட்டுக்கும் டூட்டி பார்க்கிறீங்களாப்பா என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். காரணத்தை வாயால் சொல்ல வரவில்லை, அதனால்தான் இந்தக் காகிதம். இது உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் ஒரு முடிவுக்கு வந்திருக்கும், என்ன முடிவு என்றுதான் தெரியவில்லை.

கல்லூரியில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு நான்தான் சீனியர் என்பது உனக்குத் தெரியும், அந்த வேலையை எப்படிச் செய்தேன் என்பது தெரியாது. எங்களிடம் படிப்பவர்கள் எல்லாருமே பெரியவர்கள். பஸ் ஓட்டுகிறவர், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர், பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு ஐம்பது வயதில் எழுதப் படிக்க வருகிறவர். வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு மணி நேரம், அவ்வளவுதான் வகுப்பு. போன வாரம் வைத்த பாஸ்வேர்டு இந்த வாரம் ஞாபகம் இருக்காது. விதிப்படி போனால் படிவம் எழுதி, கையெழுத்து வாங்கி, புதியது வர இரண்டு நாள். அதற்குள் அந்த வார வகுப்பு போய்விடும், மறுவாரம் அவர் வரமாட்டார், நமக்கெல்லாம் படிப்பு எங்கே வரப்போகிறது என்று தானாகவே முடிவு கட்டிவிடுவார். அப்படி நாலைந்து பேர் நின்றுபோனதைப் பார்த்துவிட்டு ஒரு பச்சை அட்டை நோட்டு வாங்கினேன். பெயர், பக்கத்திலேயே பாஸ்வேர்டு. திரையைப் பார்த்து முழித்துக்கொண்டிருப்பவர் பக்கத்தில் போய்க் குனிந்து, காதோடு காதாகச் சொல்லிவிட்டு வருவேன். ஆறு வருடத்தில் நூற்று எண்பத்து மூன்று பேர். மானிட்டரில் யாராவது பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தால் கிழித்து அவர் கையிலேயே கொடுத்து அரைமணி நேரம் புத்தி சொல்கிறவனும் இதே நான்தான். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. மறக்கக் கூடாது என்று நினைக்கிறதைத்தானே மனுஷன் பாஸ்வேர்டாக வைப்பான், போய்ச் சேர்ந்த வீட்டுக்காரர் பெயர், பேத்தி பிறந்த தேதி, முதன்முதலில் வேலை பார்த்த கடை. அத்தனையும் என் மேசை இழுப்பறையில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் உன்னுடையதும் இருந்தது, நீ கிளம்பும்போது இங்கே உள்ள காரியங்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எனக்குக் கொடுத்தாயே, அது.

செவ்வாய்க்கிழமை பழைய கம்ப்யூட்டர்களை ஏற்றிப்போக வண்டி வந்தது. இருபது பெட்டி. ஒவ்வொன்றின் எண்ணையும் சரிபார்த்துக்கொண்டு வகுப்புக்கும் வராண்டாவுக்கும் நடந்தேன், நோட்டு அக்குளில் இருந்தது. நடுவில் ஒருவர் கூப்பிட்டார் என்று உள்ளே போய்ப் பாஸ்வேர்டு சொன்னேன், திரும்பி வந்து பெட்டி தூக்கக் கை கொடுத்தேன். நோட்டை எங்கே வைத்தேன்? இந்த ஒரு கேள்வியை ஐந்து நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். புதன் காலையில் இழுப்பறையைத் திறந்தபோதுதான் இல்லை என்று தெரிந்தது. மேசைக்கு அடியில், பிரிண்டருக்குப் பின்னால், குப்பைக்கூடை, கழிவறை வரைக்கும் தேடினேன். மத்தியானம் பழைய சாமான் கிடங்குக்கே போய்விட்டேன். பேப்பர், அட்டையெல்லாம் தனி வண்டியில போயிடும் சார், அது எங்க போய்ச் சேரும்னு எனக்கே தெரியாது என்றார் கிடங்குக்காரர். அந்த வண்டியில் போய் அரைபட்டுக் கூழாகியிருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. இல்லாவிட்டால் அது யார் கையிலோ இருக்கிறது.

உன்னிடம் மறைக்கமாட்டேன், முதலில் எனக்கு வந்த யோசனை நல்ல யோசனை இல்லை. பராமரிப்பு வேலை என்று ஒரு அறிவிப்பு ஒட்டிவிட்டு எல்லாருடைய பாஸ்வேர்டையும் ஒரே மூச்சில் மாற்றிவிடலாம், அந்த அதிகாரம் என்னிடம் இருக்கிறது. ஒருத்தருக்கும் தெரியாது. ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம், பேர் கெடாமல் போய்விடலாம். ஆனால் அது கல்லூரிக் கம்ப்யூட்டரைத்தான் காப்பாற்றும். இவர்களில் பாதிப் பேர் பேங்குக்கும் அதே பாஸ்வேர்டு வைத்திருக்கிறார்கள். அப்படி வைக்கச் சொன்னதே நான்தான். ஒன்றையே எல்லாவற்றுக்கும் வையுங்கள், மறக்காது என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிக்கொடுத்தேன். காரணத்தைச் சொல்லாமல் பேங்கில் மாற்றுங்கள் என்றால் யார் மாற்றுவார்கள், நீயே சிரித்தாய். வியாழக்கிழமை காலையில் யார் யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற பதிவைப் பார்த்தால், பஸ் ஓட்டுநரின் கணக்கு விடியற்காலையில் வெளியிலிருந்து திறக்கப்பட்டிருக்கிறது. அவரைக் கூப்பிட்டேன். நான்தான் சார், வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி டிப்போவுல உக்காந்து பாடம் படிச்சேன், தப்பா என்றார் அந்த மனுஷன் பயந்துகொண்டு. தப்பே இல்லை என்றேன். அவரிடம்தான் முதன்முதலில் விஷயத்தைச் சொன்னேன். நல்லதுக்குத்தானே சார் எழுதினீங்க என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. உடனே உன்னைக் கூப்பிட்டேன். அப்புறம் நேராகக் கல்லூரி முதல்வர் அம்மா அறைக்குப் போனேன்.

அவர் கத்தவில்லை. நீங்களா இப்படிப் பண்ணீங்க என்று இரண்டு தடவை கேட்டார். அன்றைக்கே கல்லூரிக் கணக்குகள் எல்லாவற்றையும் முடக்கியாகிவிட்டது. என்னை நாளை, திங்கட்கிழமை, பதினொரு மணிக்குக் குழு விசாரிக்கிறது. அதுவரை எல்லாருக்கும் நானே போன் செய்து சொல்ல அனுமதி கேட்டேன், கொடுத்தார். வீட்டில் அம்மாவிடம் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை, இரண்டு வேளை சாப்பிடாமல் எழுந்ததிலேயே கண்டுபிடித்துவிட்டாள். ஊருக்கெல்லாம் பூட்டு போடச் சொல்லிட்டு நீங்க சாவிக்கொத்தை வராண்டாவுல வெச்சிட்டீங்க என்றாள். சொல்லிவிட்டு, போன் நம்பர் எழுதிய தாளை எடுத்து வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேசி முடிக்க முடிக்க ஒவ்வொரு பெயராக அவள்தான் அடித்தாள்.

நூற்று எண்பத்திரண்டு பேரிடம் பேசிவிட்டேன். சிலர் திட்டினார்கள், ஒரு அம்மாள் அழுதார், ஒருவர் இனிமேல் கல்லூரிப் பக்கமே வரமாட்டேன் என்றார். மிச்சம் ஒருத்தர்தான், சலவைக் கடையில் துணி தேய்க்கிற அம்மாள். நாற்பத்தாறு வயதில் தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டு, அந்தத் தாளை எனக்குக் கொண்டுவந்து காட்டியவர். அவர் நம்பர் மாறியிருக்கிறது. இன்று காலை கடைக்குப் போனேன், ஞாயிறு விடுமுறை, பூட்டியிருந்தது. வீடு எங்கே என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. அவர் சம்பளம் வந்து விழும் பேங்க் கணக்குக்கும் அதே பாஸ்வேர்டுதான், நான் பக்கத்தில் நின்று வைக்கச் சொன்னது. கடைக் கதவில் ஒரு சீட்டு செருகிவிட்டு வந்தேன். அவர் இன்னும் அவ்வளவு படிக்கமாட்டார் என்பது பாதி வழியில்தான் உறைத்தது, பேங்க் விஷயத்தை அடுத்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வாரே என்று திரும்பிப் போய் அதை எடுத்துக்கொண்டேன். பயத்தில் மூளை இப்படித்தான் வேலை செய்கிறது. நாளை அவர் வகுப்பு இரண்டு மணிக்கு. எனக்கு விசாரணை பதினொன்றுக்கு. நுழைவு அட்டையை அங்கேயே வாங்கிக்கொண்டுவிட்டால் அதற்கப்புறம் உள்ளே விடமாட்டார்கள். அதனால் வாசல் கேட்டுக்கு வெளியே இரண்டு மணி வரை நிற்கப்போகிறேன். வேறு யாராவது சொல்லிவிடுவார்கள் என்கிறாள் அம்மா. அது என் வாயால் போக வேண்டிய செய்தி.

எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது கண்ணு. வேலை போவதை நினைத்துக்கூட அவ்வளவு இல்லை. அந்த அம்மாளின் கணக்கில் எவனாவது கை வைத்திருந்தால் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்றுதான். நீ இதைப் படித்துவிட்டு டிக்கெட் போடாதே, வந்தாலும் நீ செய்ய ஒன்றும் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு, நாற்காலியில் முதுகை வளைத்து உட்காராதே, மாப்பிள்ளையை இரவில் வண்டி ஓட்டவேண்டாம் என்று சொல். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், யாருக்கும் பயப்படாமல் நீண்டநாள் நன்றாக இருக்க வேண்டும். அம்மாவின் ஆசியும் இதோடு சேர்த்தி, தனியாக எழுத மாட்டேன் என்கிறாள், எழுதினால் அழுதுவிடுவாளாம். ஒன்றை மட்டும் மறக்காதே. இன்னும் மாற்றாமல் இருந்தால் இன்றே மாற்று, புதிய பாஸ்வேர்டை எங்கேயும் எழுதிவைக்காதே. நானே கேட்டாலும் என்னிடம் சொல்லாதே.

உன் அன்புள்ள,
அப்பா