பதினொரு பூஜ்யங்கள்

மார்ச் 4, செவ்வாய்

அட்டவணை வந்துவிட்டது. பழைய செய்தித்தாளின் எழுத்துருவில் இருநூற்று இருபத்து நான்கு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து அல்லது குறி. ஒவ்வொன்றின் அகலமும் தெரிந்தால்தான் முப்பது ஆண்டுப் பக்கங்கள் அச்சில் இருந்தபடியே இணையத்தில் தெரியும். அசல் அளவுகள் தொலைந்துபோயின. பக்கத்து மேசைக்காரி அச்சுத்தாளை வைத்து ஒவ்வொன்றாக அளந்திருக்கிறாள். ஆறு வாரம். அலுவலகத்தில் அவளுக்கு ஸ்கேல் என்றே பெயர்.

"கண்ணு ரெண்டும் அவிஞ்சு போச்சு. ஒரு டீயாவது வாங்கிக் குடு."

"தளம் திறக்கட்டும், ரெண்டா வாங்கித் தரேன்."

மார்ச் 6, வியாழன்

பக்கங்களை இணையத்துக்கு மாற்றும் நிரலை ஓட்டினேன். பதினொரு கட்டங்களுக்கு எச்சரிக்கை: அகலம் பூஜ்யம். அளக்காமல் விட்டிருப்பாள். இன்று அவள் விடுப்பு. போன் செய்திருக்கலாம். சராசரி அகலத்தைப் போட்டு நிரப்பினேன். ஐந்து நிமிட வேலை.

மார்ச் 10, திங்கள்

காலையில் தளம் திறந்தது. மதியத்துக்குள் நாற்பது புகார்கள். எழுத்தின் தலைமேல் உட்கார வேண்டிய புள்ளியெல்லாம் பக்கத்தில் தனியாக நிற்கிறது. வரிகள் உடைந்துவிட்டன. ஒருவர் தன் அப்பாவின் மரண அறிவிப்பைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். பெயரே சிதறிக் கிடந்தது.

கூட்டத்தில் மேலாளர், "யாரு பண்ண வேலைய்யா இது?"

"அட்டவணை அவங்களோடது சார்."

நான்தான் சொன்னேன். சொல்லும்போதே உறைத்தது — மேலே ஏறி உட்காரும் குறி இடம் பிடிக்காது. பூஜ்யம்தான் அதன் அளவு. அவள் விடவில்லை. அளந்திருக்கிறாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்க போல" என்றும் சேர்த்தேன்.

ஏன் சேர்த்தேன்?

அவள் என்னைப் பார்த்தாள். முன்னாலிருந்த நோட்டை மூடி வைத்தாள்.

மார்ச் 11, செவ்வாய்

பூஜ்யங்களைத் திரும்பப் போட்டேன். எல்லாம் சரியாகிவிட்டது. "ஒரே நாள்ல தூக்கி நிறுத்திட்டியேப்பா!" மேலாளர் முதுகில் தட்டினார்.

மார்ச் 17, திங்கள்

அவளுடைய ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. மேசையைத் துடைத்துவிட்டு, ஸ்கேலைப் பையில் செருகிக்கொண்டு போனாள்.

வீட்டில் அக்கா, "சோத்த அளந்துக்கிட்டு இருக்கியா, திங்கிறியா?" என்றாள். நடந்ததைச் சொன்னேன்.

"போய்ச் சொல்லித் தொலையேன்டா. வாய்க்கு என்ன பூட்டா போட்டிருக்கு?"

நாளை.

மார்ச் 18

சொல்லவில்லை.

மார்ச் 19

மேலாளர் விடுப்பு. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி — சே.

மார்ச் 31, திங்கள்

சொல்லிவிட்டேன். மேலாளர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இப்ப எதுக்குப்பா அதெல்லாம்? ஓடுதுல்ல?"

"அவங்களைத் திரும்பக் கூப்பிடலாமா சார்?"

"அந்த எடத்துக்கு ஆள் எடுத்தாச்சு."

ஏப்ரல் 9, புதன்

அவளுக்கு போன் செய்தேன். ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை.

"அந்தப் பதினொண்ணு... நான்தான் மாத்தினேன்."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"கூட்டத்துலயே. அளந்தவ நான். எங்க பூஜ்யம் போட்டேன்னு எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் வாயே தொறக்கல?"

பின்னால் வண்டிகளின் சத்தம்.

"நீ சொல்லுவேன்னு உக்காந்திருந்தேன்."

பஸ் வந்துவிட்டது என்றாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஞாயிறு இணைப்புப் பக்கங்களுக்கு நிரலை மறுபடி ஓட்ட வேண்டியிருந்தது. அவள் மேசைக்குப் புதிதாக வந்திருப்பவர் திரும்பினார். "சார், பதினொரு எடத்துல பூஜ்யம்னு காட்டுது. விட்டுப்போச்சு போல. நிரப்பிடவா?"

மேலாளர் கையில் டீயோடு அங்கேதான் நின்றிருந்தார். எழுந்து நின்றேன். அளந்தது யார், நிரப்பியது யார், கூட்டத்தில் பேசியது யார் — எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பெயரை ஊரும் இனிஷியலுமாக, முழுசாகச் சொன்னேன். நாலு மேசை தாண்டிக் கேட்டிருக்கும். மேலாளர் டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்விட்டார்.

புதியவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப... அப்படியே இருக்கட்டுங்களா சார்?"

"இருக்கட்டும்."