ஆர்ல் நகரத்து ஓட்டலில் உங்கள் செருப்பு

என் மடியில் ஒரு துணிப்பை இருக்கிறது. உள்ளே, மெல்லிய காகிதம் சுற்றி, நீங்கள் கடைசியாகப் போட்டிருந்த தோல் செருப்பு. பாலிஷ் வாசனை இன்னும் போகவில்லை. நடந்ததைக் கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள்.

வந்துவிட்டேங்க! தெற்கு பிரான்சில், ஆர்ல் நகரத்தில், நீங்கள் படம் பார்த்தே மனப்பாடம் செய்த அதே ஓட்டல். ஒரு காலத்தில் கன்னியாஸ்திரிகள் மடமாக இருந்ததாமே. முற்றத்தில் கிணறு, தேய்ந்த கல்படிகள், பித்தளைக் குண்டு தொங்கும் சாவி, ஏறிப் படுக்க ஸ்டூல் கேட்கும் கட்டில். நீல ஜன்னலைத் திறந்தால் ரோமானியர்கள் கட்டிய வட்ட அரங்கு. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு எதிரே உட்கார்ந்து ஊரார் மனுவெல்லாம் டைப் அடித்த நீங்கள், வேலை முடிந்ததும் ஆர்லிலும் பக்கத்து நகரமான நீமிலும் உள்ள ஓட்டல்களுக்குக் கடிதம் அடிப்பீர்கள். நாங்கள் இருவர் வரப்போகிறோம், அறைகளின் படம் அனுப்பவும் என்று. அவர்களும் நம்பி, வழுவழுப்பான புத்தகங்களாக அனுப்பிவைத்தார்கள். தபால்காரர் உங்களைப் பெரிய புள்ளி என்றே நினைத்திருந்தார்.

இந்தப் பித்து பிடித்த நாள் எனக்குத்தானே தெரியும். இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடம், நம் கல்யாணத்துக்கு மறுநாள். புதுச்சேரியில், பிரெஞ்சுக்காரர் கட்டிய மாளிகை ஓட்டலில் மூன்று நாளைக்கு ரூம் சொல்லியிருந்தீர்கள். களமருதூரிலிருந்து ரோட்டுக்கு வந்தால், நெடுக மரம் வெட்டிப் போட்டிருக்கிறது. முந்தின நாள் நம் பந்தியில் பரிமாறிய என் அண்ணனே ஒரு மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தான். "வூட்டுக்குத் திரும்புங்க மாப்ள, இன்னிக்கு ஈ காக்கா போவாது" என்றான். அவர்கள் கேட்பது நியாயம்தானே என்று நீங்களும் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள். எனக்கு அழுகையாக வந்தது. மரம் தாண்டியதில் செருப்பு வாரும் அறுந்திருந்தது. உங்கள் செருப்பைக் கழற்றி என் காலடியில் போட்டீர்கள்.

"இத்த போட்டுக்க, அழாத. புதுச்சேரி இன்னா புதுச்சேரி, அவங்க ஊருக்கே உன்ன கூட்டிகினு போறேன்."

துலூஸில் வேலை பார்க்கும் நம் மகள் இருவருக்கும் சேர்த்து ரூம் போட்டபோது, நீங்கள் முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனாலும் உங்களை விட்டுவிட்டு வர மனம் வராமல், உங்கள் செருப்பைப் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

மகள் என்னைக் கொண்டுவந்து விட்டுப் போனதும், நம் வீட்டில் போலவே இரண்டு ஜோடியையும் கதவுக்கு வெளியே விட்டேன். சற்றுக் கண்ணயர்ந்து எழுந்து பார்த்தால், இரண்டும் இல்லை! கல்யாண மண்டபத்தில் என்றால் போய்த் தொலையட்டும் என்று வந்துவிடுவேன். இது உங்களுடையதாயிற்றே. வெறுங்காலோடு படியிறங்கி ஓடி, வரவேற்பில் இருந்த பெண்ணிடம் காலைக் காட்டினேன், இரண்டு விரலைக் காட்டினேன், அழுதேவிட்டேன்.

அவள் மகளுக்குப் போன் போட்டாள். அறைக்கு வெளியே செருப்பை விட்டால் பாலிஷ் போடக் கொடுப்பதாக இங்கே அர்த்தமாம்! அதற்குள் கோட்டுப் போட்ட ஒரு பெரியவர் தட்டில் ஏந்தி வந்தார். என் ரப்பர் செருப்பு புதுசு மாதிரி வெளுத்திருந்தது. உங்களுடையது பளபளத்தது. பெரியவர் போனில் ஏதோ கேட்டார். மகள் என்னிடம் சொன்னாள்.

"அப்பா செருப்புல தையல் விட்டிருந்துச்சாம்மா, தெச்சிட்டாராம். அப்பாவ நடந்து பாத்துட்டு சொல்லச் சொல்றாரு."

உங்களுடையதைப் பெரியவர் காகிதம் சுற்றித் துணிப்பையில் போட்டுக் கொடுக்க, வாங்கிக்கொண்டு வந்து இந்தக் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டேன்.

இதோ, காகிதத்தைப் பிரித்துக் காலில் மாட்டிக்கொண்டேன். அன்றைக்குப் போலவே பெரிதாகத்தான் இருக்கிறது. அரங்கை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பெரியவரிடம் சொல்ல வேண்டும், தையல் நன்றாக இருக்கிறதென்று. நாளைக்கு நீமுக்குப் போகிறோம்.